வழியில் திரும்பும் சரக்கு

ஒரு சரக்கு புறப்படும் இடமும் அது சேரும் இடமும் முன்னரே நிச்சயிக்கப்பட்டவை என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். ரசீதில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுவிட்டால் வண்டி அவ்வூரைச் சென்றடையும். இடையில் நேரக்கூடியது தாமதம் ஒன்றே என்பது பொதுவான நம்பிக்கை. உண்மை அதுவன்று. புறப்பட்ட சரக்கு பாதி வழியில் வேறோர் ஊருக்குத் திருப்பப்படுவது போக்குவரத்தில் நாள்தோறும் நிகழும் காரியம். ஒரு சந்தையில் விலை சரிந்தால் காய்கறி லாரி மற்றொரு சந்தைக்குத் திரும்புகிறது. ஒரு கிடங்கு நிரம்பிவிட்டால் தானிய வாகன்கள் வேறொரு நிலையத்துக்குத் திருப்பப்படுகின்றன. கடலிற் செல்லும் கப்பல்களும் இதற்கு விலக்கல்ல.

இவ்வாறு திருப்புவது பெரும்பாலும் நன்மைக்காகவே செய்யப்படுகிறது. ஆயினும் ஒருவருக்கு நன்மையாகும் அச்செயல், வண்டியை எதிர்பார்த்து நிற்கும் மற்றொருவருக்கு நஷ்டமாகிறது. சில சமயங்களில் அந்நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. சித்தூரும் திருப்பதியும் சேர்ந்த வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்த சிலவற்றைக் கொண்டு, இக்காரியத்துக்கு ஒரு விஞ்ஞான முறை வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் வரும் உத்தரவுகளைத் தமிழாக்கும் பணியில் உள்ளவர்களுக்கு இச்செயலுக்கு ஏற்ற சொல்லைத் தேர்வது எளிதன்று. 'திருப்பி அனுப்புதல்' என்றால் அனுப்பியவரிடமே சரக்கு மீள்வதாகப் பொருள்படும். 'வழிமாற்றம்' என்றால் சேருமிடம் மாறாமல் பாதை மட்டும் மாறுவதையும் அது குறிக்கும். இவ்விரண்டும் வேறு, நாம் பேசும் காரியம் வேறு. பாதை அப்படியே இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெறுவோர் மாறிவிடுவதே இதன் உயிர்நிலை. இதற்கு உழவர் வழக்கிலேயே பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் 'மடைமாற்றம்'.

சித்தூர்ச் சீமை ஏரிப் பாசனத்துக்குப் பேர்பெற்றது. ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட ஊரார் ஒருவரை நியமிப்பது பழைய முறை. அவரைத் தமிழ் பேசுவோர் நீர்க்கட்டி என்பர். தெலுங்கு பேசுவோர் நீருகண்டி என்பர். ஒரு வயலுக்குப் போகும் நீரை மற்றொரு வயலுக்கு மாற்றும் அதிகாரம் அவர் ஒருவருக்கே உண்டு. மாற்றும்போது கடைமடை வயல் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவர் அறிந்திருக்கவேண்டும். எவருடைய முறை தள்ளிப்போகிறதோ அவருக்குச் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போன முறையைப் பின்னர் ஈடுசெய்யவும் வேண்டும். இவ்விதிகள் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. எனினும் ஊரார் அனைவரும் அவற்றை அறிவர். இரவில் தன் வயலுக்காக வரப்பை வெட்டுகிறவனும் நீரை மாற்றத்தான் செய்கிறான். ஆனால் அவனை ஊர் நீர்க்கட்டி என்று சொல்லாது; திருடன் என்றே சொல்லும்.

இவ்விரு செயல்களுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

சட்டமும் வணிக வழக்கும்

வழியில் சரக்கைத் திருப்பும் வழக்கம் புதியதன்று. பாய்மரக் கப்பல்களின் காலத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமை ஏற்றிய கப்பல்கள் எத்துறைமுகத்தில் இறக்கப்போகின்றன என்பது தெரியாமலே புறப்படுவதுண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள பால்மத் துறைமுகத்தை அடைந்த பின்னரே, சரக்கை வாங்கியவர் யார், எங்கே இறக்கவேண்டும் என்ற உத்தரவு மாலுமித் தலைவருக்குக் கிடைக்கும். கப்பல் கடலில் இருந்த மாதங்களில் சரக்கு பலமுறை கைமாறியிருக்கும்.

நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விலை பெறாத விற்பனையாளர் வழியிலுள்ள சரக்கை நிறுத்தும் உரிமையை ஏற்கிறது. வாங்கியவர் கடனிறுக்க இயலாத நிலையை அடைந்தால் இவ்வுரிமை பிறக்கிறது. அறிவிப்பு எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதையும் அச்சட்டம் நுட்பமாகக் கூறுகிறது. சரக்கை ஏற்றிச் செல்லும் நிறுவனத்தின் தலைமையிடம் அறிவித்தால், அவர்கள் தம் ஊழியருக்கு உரிய காலத்தில் தெரிவித்து ஒப்படைப்பைத் தடுக்க இயலும்படி அவ்வறிவிப்பு இருத்தல் வேண்டும். திருப்பி ஒப்படைக்கும் செலவும் விற்பனையாளரையே சாரும். ரயில்வேயிலும் சேருமிடத்தை மாற்றவும் மறுபதிவு செய்யவும் விதிகள் உண்டு.

இவ்விதிகள் அனைத்தும் அனுப்புவோரையும் ஏற்றிச் செல்வோரையும் பற்றியவை. காசின் கணக்கை அவை நன்கு பார்க்கின்றன. காத்திருப்பவருடைய காலத்தின் கணக்கை அவை பார்ப்பதில்லை. சாதாரணச் சரக்கில் இக்குறை பெரிதாகத் தெரியாது. இரும்புக் கம்பி ஒரு வாரம் தாமதித்தால் கட்டடம் ஒரு வாரம் தாமதிக்கும், அவ்வளவே. காலத்தால் அழியும் பொருள்களிலும், காலத்தால் உயிர் போகும் பொருள்களிலும்தான் இக்குறை வெளிப்படுகிறது.

மாங்காயும் காய்கறியும்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், பிற மாநிலங்களிலிருந்து கிளிமூக்கு மாங்காய் சித்தூர் ஜில்லாவுக்குள் வருவதை ஜில்லா நிர்வாகம் தடை செய்தது. தோத்தாபுரி என்று வணிகர்கள் கூறும் இவ்வகை மாங்காய், சித்தூரிலுள்ள பழக்கூழ் ஆலைகளுக்கு மூலப்பொருள். அவ்வாண்டு விளைச்சல் மிகுந்து விலை சரிந்தது. உள்ளூர் விவசாயிகளைக் காப்பதற்காக ஆந்திர அரசாங்கம் கிலோவுக்கு 12 ரூபாய் என்று விலை குறித்தது. அதில் 4 ரூபாய் அரசாங்கத்தின் உதவித்தொகை. வெளியிலிருந்து மலிவான காய் வந்து குவிந்தால் இவ்வேற்பாடு பயனற்றுப் போகும் என்பதே தடையின் காரணம்.

எல்லைக்கு அப்பால் கோலார் ஜில்லாவின் சீனிவாசபுரம் வட்டாரத்தில் மரம் வளர்த்தவர்களுக்கோ, நெடுங்காலமாகச் சித்தூர் ஆலைகளே சந்தை. அவர்கள் பறித்த காய்க்கு வேறு வாயில் இல்லை. கர்நாடக முதலமைச்சர் தடையை நீக்குமாறு ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இதில் எப்பக்கத்து நியாயம் பெரிது என்று தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. சித்தூர் விவசாயியின் துயரமும் உண்மை. சீனிவாசபுரத்து விவசாயியின் துயரமும் உண்மை. ஆயினும் ஒன்று கூறலாம். சோதனைச் சாவடியில் தடுக்கப்படும் மாங்காய் லாரிக்கு, அதே நேரத்தில் வேறொரு சேருமிடம் காட்டப்படவேண்டும். காட்டப்படாவிடில் அது மடைமாற்றம் ஆகாது, மடையடைப்பே ஆகும். மரத்திலுள்ள காய் சில நாள் பொறுக்கும். வண்டியில் ஏறிய காய் அவ்வளவு பொறுக்காது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2020 மே மாதத் தொடக்கத்தில் நோய்ப் பரவல் காரணமாகச் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் காய்கறி லாரிகள் பெருமளவில் அச்சந்தையை நம்பியிருந்தன. சில நாட்களுக்குள் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறக்கப்பட்டு லாரிகள் அங்கே திருப்பப்பட்டன. வசதிகள் குறைவு, மழையில் சேறு, வியாபாரிகளுக்கு முணுமுணுப்பு. எனினும் ஒரு கதவை மூடியவர்களே மற்றொரு கதவைத் திறந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இதே வட்டாரத்தில் மற்றொரு நல்ல உதாரணம் ரேணிகுண்டாவில் கிடைக்கிறது. அங்கிருந்து டில்லிக்குச் செல்லும் பால், விரைவு ரயில்களோடு இணைக்கப்பட்ட பால் வாகன்களில் அனுப்பப்பட்டு வந்தது. 2020 மார்ச்சில் நாடெங்கும் பயணி ரயில்கள் நிறுத்தப்பட்டபோது அவ்வழி அடைபட்டது. மார்ச் 26 முதல், பால் வாகன்களை மட்டும் கொண்ட தனி ரயில் ரேணிகுண்டாவிலிருந்து டில்லியின் ஹஸ்ரத் நிஜாமுத்தீன் நிலையத்துக்கு விடப்பட்டது. ஒவ்வொரு வாகனும் 40,000 லிட்டர் பால் கொள்ளும். சுமார் 2,300 கிலோமீட்டர் தொலைவை அது இடையூறின்றிக் கடந்தது. ஒரே நிர்வாகம், ஒரே கணக்கு, முன்னறிவிப்பு என்னும் மூன்றும் பொருந்தியிருந்தமையே இதன் வெற்றிக்குக் காரணம்.

பிராணவாயு கற்பித்த பாடம்

இனி, இக்கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருவோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் நாட்டில் மருத்துவப் பிராணவாயுவின் தேவை திடீரெனப் பல மடங்கு உயர்ந்தது. உற்பத்தி ஆலைகள் பெரும்பாலும் கிழக்கிலும் தொழில் நகரங்களிலும் இருந்தன. நோயாளிகளோ எங்கும் இருந்தனர். எனவே ஒவ்வொரு டாங்கர் லாரியும் பொன்னைவிட அரிதாயிற்று. தம் எல்லை வழியாகச் செல்லும் டாங்கரைத் தடுத்துத் தம் ஊர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக்கொள்ளும் ஆசை பல இடங்களில் எழுந்தது. தம் ஊரார் மூச்சுத் திணறும்போது அவ்வாசை எழுவது இயற்கையே.

1921-க்கும் முந்திய நீர்த்தகராறுகளில் கேட்கக்கூடிய அதே வாதங்கள் அப்போது பிராணவாயுவுக்காகக் கேட்டன. அந்நிலையில் மத்திய உள்துறை அமைச்சகம் 2021 ஏப்ரல் 22-ஆம் தேதி, 2005-ஆம் ஆண்டின் பேரிடர் நிர்வாகச் சட்டத்தின் கீழ் உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. மாநிலங்களுக்கிடையே பிராணவாயு செல்வதை எவரும் தடுக்கலாகாது. ஓர் ஆலை தான் இருக்கும் மாநிலத்து ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமே கொடுக்கவேண்டும் என்று கட்டுப்படுத்தலாகாது. தம் ஜில்லாவின் வழியே செல்லும் வண்டியை எந்த அதிகாரியும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கென்று கைப்பற்றலாகாது என்பன அதன் சாரம்.

அதே ஏப்ரல் இறுதியில், காஞ்சிபுரம் ஜில்லா ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 80 கிலோலிட்டர் திரவப் பிராணவாயுவை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பும் ஏற்பாட்டை ரத்துச் செய்யுமாறு, அப்போதைய தமிழ்நாட்டு முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டின் தேவை நாளுக்கு நாள் ஏறிவருகிறது என்பது அவருடைய வாதம். 80 கிலோலிட்டர் என்பது எடையில் சுமார் 91 டன்.

அதன்பின் இரண்டு வாரங்களில், மே 10-ஆம் தேதி இரவு, திருப்பதியிலுள்ள ரூயா அரசாங்க ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தது நாடறிந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய டாங்கர் தாமதித்தது. குழாய்களில் அழுத்தம் குறைந்தது. 11 நோயாளிகள் உயிரிழந்தனர் என்று அதிகாரிகள் அறிவித்தனர். எண்ணிக்கை அதனினும் அதிகம் என்று வேறு பலர் கூறினர். ஸ்ரீபெரும்புதூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள தொலைவு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரே. அழுத்தம் குறைந்திருந்த இடைவெளியோ நிமிடங்களில் எண்ணத்தக்கது.

இத்துயரத்தைத் தாமதத்தின் விளைவாகவே கூறவேண்டும். அவ்வண்டி வேறிடத்துக்குத் திருப்பப்பட்டதாகக் கூறுவது தவறு. ஆயினும் நாம் பேசும் விஷயத்துக்கு இது உரைகல்லாக நிற்கிறது. சேருமிடத்தின் கையிருப்பு விளிம்பில் இருக்கையில், வண்டி வேறிடம் போனாலும் அரைமணி பிந்தினாலும் காத்திருப்பவருக்கு விளைவு ஒன்றே. ஆகவே வண்டியைத் திருப்பலாமா என்று கேட்பவர், முதலில் விளிம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாகவேண்டும்.

மணிக்கணக்கு

அவ்விளிம்பை எப்படி அறிவது? இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. திரவப் பிராணவாயு பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி சென்டிகிரேடில் கொதிப்பது. ஒரு லிட்டர் திரவம் சாதாரண உஷ்ணநிலையில் ஆவியானால் ஏறத்தாழ 860 லிட்டர் வாயு கிடைக்கும். 10 கிலோலிட்டர் கொள்ளும் கொள்கலன் ஒன்றை உடைய ஆஸ்பத்திரியை உதாரணமாகக் கொள்வோம். அது நிரம்பியிருந்தால் 86 லட்சம் லிட்டர் வாயு உண்டு.

அங்கே 500 நோயாளிகள், ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் பெறுகிறார்கள் எனில், மணிக்கு 3 லட்சம் லிட்டர் செலவாகும். கையிருப்பு ஏறக்குறைய 28 மணி நேரத்துக்குப் போதும். இதைக் கொண்டு அடுத்த டாங்கர் 24-ஆம் மணியில் வந்தால் போதும் என்று ஏற்பாடாகிறது. 4 மணி நேர ஓய்வு இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆனால் இவர்களில் 200 பேருக்கு நோய் முற்றி, நிமிடத்துக்கு 30 லிட்டர் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு மணிக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் லிட்டராக உயர்கிறது. அதே கொள்கலன் 16 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நோயாளிகளின் எண்ணிக்கை கூடவில்லை. டாங்கரும் சொன்ன நேரத்துக்கு வருகிறது. எனினும் அது 8 மணி நேரம் பிந்திவிட்டது. கொள்கலன் முழுவதும் வற்றும்வரை அழுத்தம் நிலைத்திருக்காது என்பதையும் சேர்த்தால் இக்காலம் இன்னும் குறையும்.

ஆகவே, கையிருப்பை டன்னிலோ லிட்டரிலோ கூறுவது போதாது. மணி நேரத்தில் கூறவேண்டும். அதுவும் அன்றன்றைய செலவைக் கொண்டு பலமுறை கணக்கிட்டுக் கூறவேண்டும். இதனை 'இருப்பு நேரம்' எனலாம். இருப்பு நேரம் தெரியாமல் டாங்கரைத் திருப்புவது, கடைமடை வயலைப் பாராமல் மடையை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

இதனோடு மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். டாங்கரைத் திருப்புகிறவர் ஒரு சுமையை மட்டும் திருப்புவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் அடுத்த நடையையும் சேர்த்தே திருப்புகிறார். மிகுந்த குளிர்நிலையில் திரவத்தை ஏந்தும் இவ்வண்டிகள் மெதுவாகவே ஓடத்தக்கவை. கூடுதலாக 150 கிலோமீட்டர் போக நேர்ந்தால், மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம், போகவும் மீளவும் ஏழரை மணி நேரம் கழிந்துவிடும். அந்நேரத்தில் அவ்வண்டி தன் வழக்கமான பாதையில் ஒரு முழு நடை சென்றுவந்திருக்கும். 2021-இல் விமானப் படையின் பெரிய விமானங்கள் காலி டாங்கர்களை ஆலைகளுக்குத் தூக்கிச் சென்றதன் காரணம் இதுவே. அப்போது நாட்டில் பற்றாக்குறையாக இருந்தது பிராணவாயு மட்டுமன்று; வண்டியின் நேரமும் பற்றாக்குறையாக இருந்தது. நைட்ரஜன், ஆர்கான் வாயுக்களுக்கு உரிய டாங்கர்களும் அக்காலத்தில் பிராணவாயுவுக்கு மாற்றப்பட்டன.

ரயில்வேயும் இதில் தன் பங்கைச் செலுத்திற்று. 2021 ஏப்ரல் 19-ஆம் தேதி மும்பையை அடுத்த களம்போலியிலிருந்து காலி டாங்கர்களை ஏற்றிய ரயில் விசாகப்பட்டினம் எஃகு ஆலைக்குப் புறப்பட்டது. அங்கே நிரப்பிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குத் திரும்பியது. தட்டையான வாகன்களின் மேல் டாங்கர் லாரிகளையே ஏற்றிச் சென்றதால், குகைகளிலும் மேம்பாலங்களிலும் உயரம் போதுமா என்று முன்னரே அளந்து, மலைப்பாதையைத் தவிர்த்து வசை வழியாகச் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. இது முன் கூறிய வழிமாற்றத்துக்கு உதாரணம். பாதை மாறியது, பெறுவோர் மாறவில்லை. அளந்து செய்ததால் ஆபத்து நேரவில்லை.

பெயரால் நேரும் பிழை

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவர் கண்ணுக்கு உடனே படும் ஆபத்து ஒன்றையும் கூறவேண்டும். திருப்பும் உத்தரவு பெரும்பாலும் தொலைபேசியிலோ ஆங்கிலக் குறிப்பிலோ வருகிறது. வண்டியோட்டி தமிழர், தெலுங்கர் அல்லது இந்தி பேசுபவர். இவ்வட்டாரத்தில் திருப்பதி உண்டு, திருத்தணி உண்டு, மேற்கே ஜோலார்பேட்டையை அடுத்துத் திருப்பத்தூர் உண்டு, சிவகங்கை ஜில்லாவில் மற்றொரு திருப்பத்தூரும் உண்டு. ரயில்வேயின் நிலையக் குறியீட்டில் ஜோலார்பேட்டையை அடுத்த திருப்பத்தூர் டி.பி.டி.; திருப்பதி டி.பி.டி.ஒய். வேறுபாடு ஓர் எழுத்தே. சித்தூர் என்ற பெயரில் கேரளத்திலும் ஊர் உண்டு. முதலில் எழுதிய ரசீதை நான்கு பேர் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். வழியில் இடும் மாற்று உத்தரவை எவரும் சரிபார்ப்பதில்லை. அவசரம் என்னும் ஒரே சொல் எல்லாச் சரிபார்ப்பையும் விழுங்கிவிடுகிறது. உண்மையில், அவசர உத்தரவுக்கே அதிகச் சரிபார்ப்பு வேண்டும்.

மறுப்புக்கு மறுமொழி

'கண்ணெதிரே உயிர் போகிறது. அருகில் ஒரு டாங்கர் போகிறது. இந்நிலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதா?' என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. உள்ளூர் அதிகாரியின் கைகளை முற்றிலும் கட்டிவிடுவதும் தகாது. ஆனால் அந்த டாங்கர் செல்லும் இடத்திலும் உயிர்கள் உண்டு என்பதை மறக்கலாகாது. நம் கண்ணெதிரே இருப்பவர் மட்டுமே நோயாளி. காணாத ஊரில் இருப்பவர் வெறும் எண்ணிக்கை என்று கொள்வது மனிதத் தன்மையும் அன்று, விஞ்ஞானமும் அன்று. காணாதவரையும் கண்டவரோடு ஒரே வரிசையில் நிறுத்துவதற்கென்றே கணக்கு என்னும் கருவி தோன்றியது.

விலையை மட்டும் கொண்டு திருப்பினால் என்ன நேரும் என்பதற்கு உலகமே சாட்சி. 2022-இல் உக்ரைன் போருக்குப் பின், திரவ எரிவாயுக் கப்பல்கள் மிகுந்த விலை கொடுத்த ஐரோப்பாவை நோக்கித் திரும்பின. பாகிஸ்தான், வங்காளதேசம் போன்ற நாடுகள் எரிவாயு போதாமல் நெடுநேர மின்வெட்டுக்கு உள்ளாயின. வணிகத்தில் இது குற்றமாகாது. ஆனால் மருந்து, உணவு, பிராணவாயு ஆகியவற்றில் இதே விதி செல்லுமாயின், கடைமடையில் இருப்பவர் என்றும் கடைமடையிலேயே இருப்பார்.

செய்யத்தக்கவை

2021 ஏப்ரல் உத்தரவு சரியானது, காலத்தில் வந்தது. ஆயினும் அது யார் திருப்பலாகாது என்பதைக் கூறிற்றே தவிர, திருப்பவேண்டிய நிலையில் எவற்றைக் கணக்கிடவேண்டும் என்பதைக் கூறவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்குப் பிராணவாயு ஒதுக்க விஞ்ஞான முறை வகுப்பதற்கென 12 உறுப்பினர் கொண்ட தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஒதுக்கீட்டுக்கு முறை வேண்டும் என்று அன்று உணரப்பட்டது. ஒதுக்கியதை வழியில் மாற்றுவதற்கும் அதே அளவு முறை வேண்டும் என்பதே எமது கருத்து. அதற்கு நீர்க்கட்டியின் நான்கு விதிகள் போதும்.

முதலாவது, அவசியப் பொருள்களைப் பொறுத்தவரை, வழியில் திருப்பும் அதிகாரம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். இரு மாநில எல்லையைக் கடக்கும் சரக்குக்கு இரு மாநிலத்துக்கும் பொதுவான அதிகாரியே உத்தரவிடவேண்டும். 1911-க்கு முன் சித்தூரின் பெரும்பகுதி வட ஆர்க்காட்டோடு சேர்ந்திருந்தது. திருத்தணி 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி 2022-இல் தனி ஜில்லாவாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டிருக்கும். நோயாளியின் மூச்சு எல்லையை அறியாது.

இரண்டாவது, சேருமிடத்தின் இருப்பு நேரத்தை அறியாமல் எந்த வண்டியையும் திருப்பலாகாது. 2021 மே மாதத்திலேயே பிராணவாயு வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. வண்டி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டும். அது செல்லும் ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் அதே திரையில் தெரிதல் வேண்டும். முன்னதன்றிப் பின்னது இல்லையேல் கருவியால் பாதிப் பயனே உண்டு.

மூன்றாவது, காத்திருப்பவருக்கு அறிவிக்காமல் சக்கரம் திரும்பலாகாது. ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டித் தெரிந்தால் சிலிண்டர்களைத் தேடலாம், செலவைச் சுருக்கலாம், சில நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றலாம். தெரியாமற்போனால் வாயிலைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவர்களால் ஆகும். இவ்வறிவிப்பும், வண்டியோட்டிக்குத் தரும் உத்தரவும், அவரவர் மொழியில் எழுத்தில் இருத்தல் வேண்டும்; ஊர்ப்பெயரோடு ஜில்லாவின் பெயரும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, திருப்பப்பட்ட சுமைக்கு ஈடு எங்கிருந்து, எத்தனை மணிக்கு வரும் என்பதை அதே உத்தரவிலேயே குறிக்கவேண்டும். ஈடு குறிக்க இயலாத உத்தரவு பிறப்பிக்கத் தகாத உத்தரவு.

இவற்றோடு, திருப்பவேண்டிய தேவையையே குறைப்பது மேலான வழி. 2021-க்குப் பின் நாடெங்கும் ஜில்லா ஆஸ்பத்திரிகளில், காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரிக்கும் யந்திரங்கள் 1,200-க்கு மேல் நிறுவப்பட்டன. ஜியோலைட் என்னும் கனிமம் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துக்கொள்ள, சுமார் 93 சதவீதத் தூய்மையுள்ள பிராணவாயு எஞ்சும். ஊரில் ஒரு கிணறு வெட்டியதற்கு இது ஒப்பாகும். ஆனால் நோய் தணிந்த காலத்தில் இயக்காமல் விட்ட யந்திரம், நோய் மிகும் காலத்தில் இயங்கும் என்று நம்பலாகாது. மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆளும் வழக்கமான பராமரிப்பும் இல்லாவிடில், தூர்ந்த கிணற்றுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இன்று சாலைகள் அகன்றுவிட்டன, வண்டிகள் பெருகிவிட்டன, ஒரு நிமிடத்தில் நாட்டின் எக்கோடிக்கும் செய்தி அனுப்ப முடிகிறது. ஆகவே வழியிலுள்ள சரக்கைத் திருப்புவது முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. எளிதாகிவிட்டதனாலேயே அதற்கு ஒழுங்கு வேண்டும். ஒரு வண்டியைத் திருப்ப ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அவ்வழைப்பை விடுக்குமுன், அவ்வண்டியை எதிர்பார்த்து நிற்கும் ஊரை மற்றோர் அழைப்பால் விசாரிப்பது நிர்வாகத்தின் கடமையாக எழுதப்படவேண்டும்.